ஹெல்மெட்டுக்குள் காலமான மாமனார்

என் மாமனார் ஒருமுறை காலமானார். தனுஷ்கோடி சாலையில், பட்டப்பகலில், என் ஹெல்மெட்டுக்குள். அவரைக் காலமாக்கிய பெருமை முழுக்க என்னையே சேரும். பதறவேண்டாம், மனிதர் இப்போதும் திடமாக இருக்கிறார். நேற்றுகூட எங்கள் வீட்டு மீன்குழம்பில் புளி போதவில்லை என்று முகத்தைச் சுளித்துவிட்டுத்தான் போனார்.

கருவிகள் விஷயத்தில் எனக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் தூக்கல். எந்தப் பொருளையும் எந்தப் பொருளோடும் இணைத்துவிடலாம், இணையவில்லை என்றால் நாம் சரியாக முயலவில்லை என்பது என் கட்சி. அன்றைக்கு நடந்த அத்தனைக்குப் பிறகும் நான் கட்சி மாறவில்லை.

ராமநாதபுரத்திலிருந்து கடலோரமாக உள்ள இறால் பண்ணைகளுக்குத் தீவனம் விற்பது என் வேலை. நாள் முழுக்க பைக்தான். அதற்காக ஹெல்மெட்டில் மாட்டும் இன்டர்காம் ஒரு ஜோடி வாங்கினேன். ஹெல்மெட்டின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி ஒட்டியிருக்கும். காதருகே ஸ்பீக்கர், வாயருகே மைக். முன்னால் ஓட்டுகிறவரும் பின்னால் உட்கார்ந்திருப்பவரும் காற்றோடு மல்லுக்கட்டிக் கத்தாமல் பேசிக்கொள்ளலாம். மற்றவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். (அதனால்தான் அவர்கள் மற்றவர்களாகவே இருக்கிறார்கள்.)

நான் முதலில் என் போனை அதில் இணைத்தேன். பிறகு கம்பெனி போனை இணைத்து, அதில் வழி சொல்லும் மேப்பைத் தமிழில் பேசவிட்டேன். ராமேஸ்வரம் போக ஒரே ரோடுதான், கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவேன். ஆனாலும் ஒரு பெண்குரல் நம்மிடம் மரியாதையாக "நேராகச் செல்லவும்" என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது, வீட்டில் அது கிடைப்பதில்லை. மூன்றாவதாக ஒரு பழைய பாக்கெட் ரேடியோ. அதற்கு ப்ளூடூத் கிடையாது. அதன் ஹெட்போன் ஓட்டையில் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டரைச் செருகி, என் போன் இருந்த இடத்தில் அதை உட்கார வைத்தேன். ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்த வேலை இல்லை, அரை மணி நேரத்தில் முடிந்தது. அவ்வளவு திறமை.

இதில் ஒரு விதி உண்டு, கதைக்கு அது தேவை. வழி சொல்லும் குரல் வந்தால் ரேடியோ வாயை மூடிக்கொள்ளும். நாங்கள் பேசினாலும் அது அடங்கிவிடும். யார் பேசும்போது யார் அடங்கவேண்டும் என்று அந்தப் பெட்டிக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

குடும்பம் என்றேன் அல்லவா, அதைச் சொல்லிவிடுகிறேன். நான் உச்சிப்புளிப் பக்கத்து விவசாயக் குடும்பம். என் மனைவி வதனி மண்டபம் அகதி முகாமில் பிறந்தவள். அவளுடைய அப்பா செல்வரத்தினம், மன்னாரிலிருந்து படகில் வந்தவர், பெயிண்டர் வேலை பார்த்து, முகாமுக்குப் பக்கத்துத் தெருவிலேயே வாடகைக்கு வீடெடுத்தவர். எங்கள் கல்யாணம் ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்தது. என் அய்யா, அதாவது அப்பா, அதற்கு வரவில்லை.

"நாளைக்கே கப்பல் விட்டா பொட்டியக் கட்டிக்கிட்டுப் போயிருவாக. அப்பறம் சீரு செனத்தின்னு எங்கிட்டுப் போயி நிக்கிறது? கடல்லயா?" என்பது அய்யாவின் வாதம்.

மருமகளைப் பார்த்த பிறகு அவருடைய வாதம் பாதி கரைந்துவிட்டது. வதனி வைக்கும் தேங்காய்ப்பால் சொதிக்கு மீதியும் கரைந்திருக்கும். ஆனால் சம்பந்தி வீட்டு வாசலை மட்டும் மிதிக்கமாட்டேன் என்று ஒரு வீம்பு. மாமனாரும் லேசுப்பட்டவர் இல்லை.

"மாப்பிள்ளையில எனக்கு ஒரு குறையுமில்லை. ஆனா பெத்தவர் என்ர படலையைத் திறந்து வந்து ஒரு சொல்லுச் சொல்லாமல் நான் உங்கட வீட்டுப் பக்கம் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டார். (படலை என்றால் அவர்கள் பேச்சில் வாசல் கேட்.)

இந்த நிலையில் வதனிக்கு ஏழாம் மாதம். அடுத்த வாரம் வளைகாப்பு. பெண்ணைப் பெற்றவர்களை மாப்பிள்ளை வீட்டார் நேரில் போய் அழைக்கவேண்டும். அய்யா போகமாட்டார். அழைக்காமல் மாமனார் வரமாட்டார். வதனி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "அப்பா வராமல் எனக்கு வளையல் வேண்டாம்." சொல்லிவிட்டு அழவில்லை, சண்டை போடவில்லை, வெறும் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அது தாங்கவில்லை.

அந்த வாரம்தான் தாத்தாவுக்குத் திதி கொடுக்க அய்யாவை ராமேஸ்வரத்துக்கு பைக்கில் அழைத்துப்போனேன். நோக்கம் வேறு. போகும்போதோ வரும்போதோ மண்டபத்தில் வண்டியை நிறுத்திவிடலாம், ஹெல்மெட்டுக்குள் காதோடு காதாகப் பேசினால் மனசு இளகும் என்று கணக்குப் போட்டேன். இளக்குவதற்காகத்தான் அந்த ரேடியோவும். அய்யாவுக்கு இலங்கை ரேடியோ என்றால் உயிர். வரப்பில் நின்றாலும் இடுப்பில் அது பாடிக்கொண்டிருக்கும். "மாமாவுக்கு இலங்கைப் பாட்டு வேணும், இலங்கைச் சம்பந்தம் மட்டும் வேண்டாம்" என்று வதனி கேலி செய்வாள்.

போகும்போது மண்டபம் வந்ததும் அய்யா முகத்தை ரயில் ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஹெல்மெட்டோடு திருப்பியதில் வண்டியே ஒரு ஆட்டம் ஆடியது. சரி, திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, ராமேஸ்வரத்தில் இறங்கியதும் மேப்பில் மண்டபத்தைக் குறித்து வைத்தேன். திதி முடிந்ததும் தனுஷ்கோடியையும் பார்த்துவிடலாம் என்று அவரே சொன்னார். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ரோடு. அங்கே நம் ஊர் டவர் காணாமல்போய், நம் போனே தன்னை அக்கரைக்காரனாக நினைக்க ஆரம்பித்துவிடும். ரேடியோவோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்கும். அய்யா பின்னால் உட்கார்ந்து பாட்டுக்குத் தாளம் போட, என் முதுகு மிருதங்கமானது.

பாட்டு முடிந்தது. ஒரு பெண்குரல் "மரண அறிவித்தல்" என்றது.

இலங்கை ரேடியோவில் அது ஒரு வழக்கம். இறந்தவர் எங்கே பிறந்தார், எங்கே வாழ்ந்தார், யாருக்கு மகன், யாருக்குக் கணவர், எப்போது அடக்கம் என்று ஒன்றுவிடாமல் வாசிப்பார்கள். அய்யா தாளத்தை நிறுத்திவிட்டு மரியாதையாகக் கேட்டார். நானும் கேட்டேன். நாங்கள் கேட்டது இதுதான்:

"மன்னாரைப் பிறப்பிடமாகவும், மண்டபத்தை... வசிப்பிடமாகவும் கொண்ட செல்வரத்தினம் அவர்கள் காலமானார்."

பின்னாலிருந்து அய்யா, "ஏலே... ஏலே, நம்ம செல்வரத்தினமாடா?" என்று அலறினார். அவர் அலறியதும் விதிப்படி ரேடியோ அடங்கிவிட்டது. அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் "அன்புக் கணவரும்" என்று ஒரு துண்டு, "ஏற்றுக்கொள்ளவும்" என்று ஒரு துண்டு. அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. நான் ரேடியோவை அணைத்தேன்.

வண்டியை ஓரங்கட்டினோம். அய்யா ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னையே பார்த்தார். "வேற யாராச்சும் இருக்குமோடா?"

இங்கேதான் என் தன்னம்பிக்கை பேசியது. ராமநாதபுரம் மாவட்டம் முழுக்கச் சுற்றுகிறவன் நான். முனியசாமி கேட்டால் தெருவுக்கு நாலு பேரைக் காட்டுவேன். செல்வரத்தினம் என்ற பெயரில் என் வாழ்நாளில் ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அதிலும் மன்னாரில் பிறந்து மண்டபத்தில் வாழ்கிறவர். "அய்யா, இந்தப் பேர்ல உலகத்துலயே ஒருத்தருதான்யா" என்றேன். (அக்கரையில் கல்லை விட்டெறிந்தால் ஒரு செல்வரத்தினத்தின் மேல்தான் விழும் என்பதை வதனி பிறகு விளக்கினாள்.)

அய்யா மணலில் உட்கார்ந்துவிட்டார். "போகும்போது மூஞ்சியத் திருப்பிக்கிட்டேனேடா. அந்நேரம் அங்கன மனுசன் கெடந்துருக்காருடா" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அய்யா அழுது நான் பார்த்ததில்லை. நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமா எனக்கு ஒரு குறையும் வைக்காத மனிதர்.

ராமேஸ்வரம் வந்ததும் சிக்னல் கிடைத்தது. மாமாவுக்குப் போட்டேன், சுவிட்ச் ஆஃப். போனவர் எப்படிப் போனை எடுப்பார்? மாமிக்குப் போட்டேன், பிஸி. மறுபடியும் போட்டேன், மறுபடியும் பிஸி. சொந்தபந்தத்துக்கெல்லாம் தகவல் சொல்கிறார், பாவம். இரண்டு சாட்சி கிடைத்துவிட்டது, இனி என்ன சந்தேகம்? பிள்ளைத்தாய்ச்சியிடம் போனில் சொல்லக்கூடாது என்று வதனிக்கு மட்டும் நான் கூப்பிடவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் எடுத்த மிகப் பொறுப்பான முடிவு அது என்று அப்போது நினைத்தேன்.

அதற்குள் அய்யா என் போனை வாங்கி ஊரிலிருக்கும் காளியம்மா அத்தைக்குச் செய்தி சொல்லிவிட்டார். அத்தை அவருடைய தங்கை. எங்கள் ஊரில் யார் செத்தாலும் அத்தை அழுதால்தான் செத்ததாகக் கணக்கு. "பகையெல்லாம் இருக்குற வரைக்கும்தான். பொம்பளைகளக் கூட்டிக்கிட்டு மண்டபம் வந்துரு" என்றார் அய்யா.

பிறகு மாலை. பூக்கடைக்காரர், "என்ன விசேசம்ணே?" என்று கேட்டார். அய்யாவுக்குத் துக்கம் என்ற சொல் வாயில் வரவில்லை. "சம்பந்தி வீட்டுக்கு... மொதத் தடவையாப் போறேன்" என்றார். கடைக்காரர் முகம் மலர்ந்து, ஜரிகை சுற்றிய குண்டு ரோஜா மாலையாக எடுத்துக் கட்டி, ஜிகினாவும் தூவிக் கொடுத்துவிட்டார். "இது மாப்ள மாலை மாதிரில்ல இருக்கு?" என்றேன். "இருக்கும்போது செய்யல, போகும்போதாச்சும் நல்லதாப் போடுவோம்" என்றார் அய்யா.

பாம்பன் பாலம் தாண்டும்வரை ஹெல்மெட்டுக்குள் அய்யாவின் மூக்குறிஞ்சல் மட்டும் கேட்டது. அவ்வளவு துல்லியமான சத்தம். நல்ல கருவி.

நாங்கள் போய்ச் சேருவதற்குள் நடந்ததை அத்தையும் மாமாவும் பிறகு நடித்தே காட்டினார்கள். ஊரிலிருந்து ஒரு குட்டியானை லோடு வண்டியில் பெண்கள் நிறைய வந்து இறங்கியிருக்கிறார்கள். அத்தை தெருமுனையிலேயே அவிழ்ந்த கொண்டையோடு ஆரம்பித்துவிட்டார். சத்தம் கேட்டு, மதியத் தூக்கத்திலிருந்த மாமா எழுந்து, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். தெருவில் யாரோ தவறிவிட்டார்கள், ஒத்தாசைக்குப் போகவேண்டும் என்று நினைப்பு. அத்தையும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது.

"அழாதையுங்கோ அம்மா. எந்த வீட்டில?" என்று மாமா கேட்டிருக்கிறார்.

அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க சம்பந்தியப் பாக்காமலே விட்டுட்டமேய்யா! எங்கனய்யா போட்டுருக்காக?" என்று கதறியிருக்கிறார்.

"ஆரை?"

"செல்வரத்தினத்த!"

மாமா தோளிலிருந்த துவாயை இறக்கினாராம். பிறகு மிகுந்த பணிவோடு, "அது நான்தானம்மா" என்றாராம்.

அத்தைக்கு அழுகை பாதியில் நிற்காது. ராகம் அதன் பாட்டுக்குப் போக, கண் மட்டும் நிலைகுத்திவிட்டது. பின்னால் வந்த பெண்களுக்கு முன்னால் நடந்தது தெரியாததால் அவர்கள் மாரடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில்தான் நாங்கள் போய் இறங்கினோம். வாசலில் கூட்டம், ஒப்பாரி. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நான் வண்டியை ஸ்டாண்ட் போட்டேன். அய்யா செருப்பைக் கழற்றிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து, மாலையை ஏந்திக்கொண்டு முன்னே போனார். திடீரென்று நின்றார். என் காதுக்குள் அவர் குரல் மெதுவாகக் கேட்டது.

"ஏலே."

"சொல்லுங்கய்யா."

"நிக்கிறாருடா."

"யாருய்யா?"

"செத்தவரு."

நான் அசரவில்லை. "அது அவரு தம்பியா இருக்கும்யா. நீங்க போங்க" என்றேன்.

அந்தத் தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து, "என்ன மாப்பிள்ளை, முகமெல்லாம் உப்பிடிக் கிடக்கு? ஆர் செத்தது?" என்று கேட்டார். அவருடைய மீசை ஓரத்தில் இருக்கும் பெயிண்ட் கறையைப் பார்த்த பிறகுதான் என் தன்னம்பிக்கை முதல்முறையாகக் கொஞ்சம் இருமியது. சந்தோஷத்தில் கட்டிப்பிடிப்பதா, காலில் விழுவதா, வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவதா என்று தெரியவில்லை. ஹெல்மெட் கண்ணாடியை மட்டும் கீழே இறக்கிவிட்டுக்கொண்டேன்.

எதிர்வீட்டுக்காரர்களெல்லாம் மாலையைப் பார்த்தார்கள், அய்யாவைப் பார்த்தார்கள், மாமாவைப் பார்த்தார்கள். உயிரோடு இருக்கும் மனிதன் வீட்டு வாசலில் எழவு மாலையோடு நிற்பதைப்போல ஒரு அவமானம் உண்டா? மாமாவுக்கும் விஷயம் மெல்லப் புரிந்து, முகம் இறுகத் தொடங்கியது. இரண்டு வருஷமாக வராத மனிதன், வந்ததும் இதற்கா? இனி வளைகாப்பு என்ன, பேரன் பேத்தி கல்யாணத்துக்குக்கூட இவர்கள் பேசமாட்டார்கள் என்று முடிவுகட்டினேன். வதனியின் வெறும் கை கண்முன் வந்து நின்றது.

அப்போது மாமி உள்ளேயிருந்து வந்தார், காதில் போனோடு. (அந்த பிஸி இதுதான். மதியம் முழுக்க அம்மாவும் மகளும் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.) வாசலைப் பார்த்த மாமி, கண்ணில் பட்டதை அப்படியே போனில் சொன்னார்: "பிள்ளை, உன்ர மாமா வந்து நிக்கிறார். கையில மாலையோட!"

போனுக்குள் வதனி போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது. "மாமா வந்திட்டாரா? அப்பாவைக் கூப்பிட வந்திட்டாரா? மாலையோடயா? அம்மா, ஸ்பீக்கரில போடுங்கோ! மாமா... மாமா..." அதற்கு மேல் தேம்பல்தான் வந்தது. இத்தனை நாள் அழாதவள்.

அய்யா அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் திணித்தார். படலையைத் திறந்தார். நேரே போய் மாமாவின் கழுத்தில் மாலையைப் போட்டு, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, அடுத்த வாரம் மருமகளுக்கு வளைகாப்பு. நீங்க வந்து நடத்திக் குடுக்கணும். தாமசமா வந்துட்டேன், மனசுல வச்சிக்கிராதிக."

மாமா ஜரிகையைத் தடவிப் பார்த்தார். எழவுக்கு இப்படி ஒரு மாலை எந்த ஊரிலும் போடமாட்டார்கள். அவர் முகம் தளர்ந்தது. "வாங்கோ, உள்ள வாங்கோ. தேத்தண்ணி குடியுங்கோ" என்று அய்யாவைக் கையோடு அழைத்துப்போனார். அந்தப் பூக்கடைக்காரர் நன்றாக இருக்கவேண்டும்.

சாயங்காலம் எல்லோரும் உள்ளே உட்கார்ந்திருந்தபோது நான் என் கருவியை நிரூபிக்க முயன்றேன். ரேடியோவில் சொன்னதைக் கேட்டேன், அய்யாவும் சாட்சி என்றேன். மாமா தன் ரேடியோவைப் போட்டார். அதே அறிவித்தல் மறுபடியும் வந்தது. "மன்னாரைப் பிறப்பிடமாகவும், கிளிநொச்சியை வசிப்பிடமாகவும் கொண்ட..." கிளிநொச்சி வந்த இடத்தில்தான் கம்பெனி போனின் பெண்குரல் குறுக்கே புகுந்து, "மண்டபத்தை நோக்கித் தொடரவும்" என்று ஆரம்பித்து, டவர் இல்லாமல் முதல் சொல்லோடு அறுந்திருக்கிறது. இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு ஆணை முடித்துவிட்டார்கள். மிச்சத்தைக் காற்றும் அய்யாவும் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் அறிவித்தல் முடியும்வரை சிரிக்கவில்லை. "என்ர பேரில, என்ர ஊரில பிறந்த மனுசன் ஒருத்தர் போயிட்டார். பாவம்" என்று கழுத்து மாலையிலிருந்து ஒரு ரோஜாவைப் பிய்த்து ரேடியோவின் மேல் வைத்தார். எனக்கு அவரை அன்றைக்கு இன்னும் அதிகமாகப் பிடித்துப்போனது.

வளைகாப்பு ஜாம்ஜாமென்று நடந்தது. வதனி இரண்டு கையும் முழங்கை வரை வளையல் போட்டுக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் குலுக்கிக் காட்டினாள். காளியம்மா அத்தை, அன்றைய ராகத்தை வீணாக்காமல் அதையே வளைகாப்புப் பாட்டாக மாற்றிப் பாடினார். மகள் பிறந்து, இப்போது அவளும் அந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு "ஏலே, நிக்கிறாருடா" என்று தாத்தாவைப்போல் பேசிக்காட்டுகிறாள். நான் வீட்டில் எந்தச் செய்தி சொன்னாலும், "எந்த ரேடியோவில கேட்டனீங்கள்?" என்பதுதான் வதனியின் முதல் கேள்வி. அதையெல்லாம் நான் கண்டுகொள்வதில்லை. கருவிக்கு இப்போது நாலாவதாக ஒன்றை இணைத்திருக்கிறேன்.

ஆனால் சம்பந்திகள் இருவரும் அதை விடுவதாக இல்லை. மாமா அய்யாவுக்குப் போன் செய்யும்போதெல்லாம் குரலைக் கனமாக்கிக்கொண்டுதான் ஆரம்பிப்பார்.

"மன்னாரைப் பிறப்பிடமாகவும், மண்டபத்தை வசிப்பிடமாகவும் கொண்ட செல்வரத்தினம் கதைக்கிறன்."

அய்யா உடனே சொல்வார்: "இருங்க சம்பந்தி, மாலையோட வாரேன்."